வீலுக்கப் எரரை மறைக்க சைபர் போட்டேன், வாஷர் இனாமா போயிடுச்சு

பாரிமுனை பில்லிங் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனையில ஒரு நட்டு போல்ட் மொத்த வியாபாரக் கடையில பதினோரு வருஷமா பில்லிங், கொட்டேஷன் ரெண்டும் நான்தான். எக்செல் யாரும் உக்கார வச்சு சொல்லிக் குடுத்ததில்லை. எனக்கு முன்னாடி இருந்தவர் விட்டுட்டுப் போன ஃபைலைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. ஃபோன்ல தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கு, அதனால ஃபார்முலாவையும் தமிழ்லயே அடிச்சிருக்கேன், பொறுத்துக்கோங்க.

ரேட் ஃபைல்ல போல்ட், நட்டு, வாஷர்னு தனித்தனி ஷீட். முதல் பத்தியில சைஸ், நாலாவது பத்தியில விக்கிற ரேட். கொட்டேஷன் ஷீட்ல ஏ பத்தியில சைஸ் அடிப்பேன், பி-யில விவரம், சி-யில எத்தனை பீஸ், டி-யில ரேட் தானா வரும், ஈ-யில தொகை. வாஷர் வரிக்கு டி-யில இருக்கிறது இதுதான்:

=இஃப்எரர்(வீலுக்கப்(ஏ2,வாஷர்!ஏ:டி,4,0),0)

சைஸை லிஸ்ட்ல தேடி ரேட்டை எடுத்துக் குடுக்கிற வீலுக்கப் மட்டும்தான் முதல்ல இருந்துச்சு. லிஸ்ட்ல இல்லாத சைஸ் ஒண்ணு அடிச்சாலும் #என்/ஏ வந்து, அதுக்குக் கீழ டோட்டலும் #என்/ஏ ஆயிடும். பார்ட்டி லைன்ல காத்துக்கிட்டு இருக்கறப்ப அதைப் பாத்தாலே வயித்தைக் கலக்கும். ஒரு நாள் யாரோ சொன்னாங்கன்னு, எரர் வந்தா அதுக்குப் பதிலா நாம சொல்றதைக் காட்டுற இஃப்எரரைச் சுத்திக் கடைசியில சைபர் போட்டேன். டோட்டல் அழகா வந்துச்சு. ரெண்டு வருஷமா அப்படியேதான் ஓடுது.

போன வாரம் அம்பத்தூர் எஸ்டேட் பார்ட்டி ஒருத்தருக்கு 86 ஐட்டம் கொட்டேஷன். சாயந்திரம் ஆறரைக்கு அனுப்பிட்டு பீச் ஸ்டேஷனுக்கு ஓடினேன். மறுநாள் ஆர்டர் வந்துடுச்சு. ஓனர் ஆர்டரை வரி வரியாப் பாத்துட்டு, "ஏம்மா, வாஷரெல்லாம் இனாமா?"ன்னு கேட்டார். மூணு வரி வாஷர், ரேட் சைபர், தொகை சைபர். மூணும் சேந்து 11,340 ரூபா. பார்ட்டி நல்லவர், ஃபோன் பண்ணினதும் சிரிச்சுட்டு ரேட்டை ஒத்துக்கிட்டார். ஆனா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கல.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, #என்/ஏ அசிங்கமாவும் தெரியக்கூடாது, சைபரும் வரக்கூடாது, என்னதான் பண்றது? ரெண்டாவது, அந்த மூணு வாஷரும் லிஸ்ட்ல இருக்கு! கண்ணால பாக்குறேன். டிசம்பர் வரைக்கும் அதே சைஸுக்கு ரேட் வந்திருக்கு, பழைய கொட்டேஷன் எடுத்துப் பாத்துட்டேன். ஜனவரிக்கு அப்புறம்தான் வரல. நாங்க மில்லிமீட்டர்தான் ஜாஸ்தி விக்கிறது, இது மூணும் இன்ச் சைஸ், எப்பவாவது கேப்பாங்க. வாஷர் லிஸ்ட்டை யாரும் தொடல. என்ன மாயம்னு தெரியல.

ஆஃபீஸ் கம்ப்யூட்டர்ல எக்செல் 2016.

---

ஃபார்முலா ஃபேக்டரி:

சிம்பிள். கடைசி 0-வை எடுத்துட்டு ரெண்டு டபுள் கோட் போடுங்க, செல் காலியா தெரியும். வேலை முடிஞ்சுது.

---

மடிப்பாக்கம் பழைய ஸ்டோர்ஸ்:

மேலே தம்பி சொன்னதைச் செய்யாதீங்கம்மா. சைபர் இருந்ததாலதான் உங்க ஓனர் கண்ணுல பட்டுது. காலியா இருந்திருந்தா 86 வரியில மூணு வரி வெள்ளையா இருக்குன்னு யார் பாக்கப் போறா? இன்னொண்ணு, ஈ பத்தியில சி2*டி2 போட்டிருப்பீங்க. டி2-ல அந்தக் காலி எழுத்து இருந்தா பெருக்கல் #வேல்யூ! குடுக்கும். உடனே அதுக்கும் ஒரு இஃப்எரர் சுத்துவோம். சாக்கடை நாறுதுன்னு பலகை போட்டு மூடி, பலகை நாறுதுன்னு அது மேல இன்னொரு பலகை.

நான் முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன். எங்க ஃபைல்ல இந்த இஃப்எரர் வர்றதுக்கு முன்னாடி, அதாவது 2007 வெர்ஷனுக்கு முன்னாடி, இஃப் போட்டு, உள்ளே #என்/ஏ-வான்னு பாக்கிற ஈஸ்என்ஏ போட்டு, அதே வீலுக்கப்பை ரெண்டு தடவை எழுதணும். எழுத எழுத கை வலிக்கும், அதனால எங்கே அவசியமோ அங்கே மட்டும்தான் போடுவோம். இஃப்எரர் வந்ததும் எல்லாரும் மஞ்சள் தண்ணி மாதிரி எல்லா ஃபார்முலாவுக்கும் தெளிக்க ஆரம்பிச்சாங்க. ஒரு வருஷக் கடைசியில சரக்கு மதிப்புக் கணக்குல இப்படித்தான் நாப்பது சொச்சம் ஐட்டம் சைபர் மதிப்புல உக்காந்திருந்துச்சு. ஆடிட்டர் பையன் ஒருத்தன், மீசை கூட சரியா முளைக்காத பையன், அதைக் கண்டுபிடிச்சு என்கிட்டே "சார், இந்த பேரிங் எல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க, மதிப்பே இல்லையே"ன்னான்.

எக்செல் குடுக்கிற ஒவ்வொரு எரரும் ஒவ்வொரு சேதி. #என்/ஏ வந்தா "தேடினேன், கிடைக்கல". #ரெஃப்! வந்தா "நீ நாலாவது பத்தி கேட்ட, ஆனா அங்கே மூணு பத்திதான் இருக்கு", யாரோ ஒரு பத்தியை அழிச்சிருக்காங்க. #நேம்? வந்தா ஃபார்முலா பேரையே தப்பா அடிச்சிருக்கோம். இஃப்எரர் இது அத்தனையையும் ஒரே துணியால மூடிடும். உங்களுக்கு மூட வேண்டியது முதலாவதை மட்டும்தான். அதுக்குன்னே இஃப்என்ஏ இருக்கு, 2013 வெர்ஷன்ல வந்தது, உங்க 2016-ல வேலை செய்யும்:

=இஃப்(ஏ2="","",இஃப்என்ஏ(வீலுக்கப்(ஏ2,வாஷர்!ஏ:டி,4,0),"ரேட் இல்லை"))

முன்னாடி ஒரு இஃப் போட்டிருக்கேன் பாருங்க, சைஸ் அடிக்காத வரியிலெல்லாம் "ரேட் இல்லை"ன்னு கத்தாம இருக்க. டி-யில எண் இருந்தா மட்டும் பெருக்கற மாதிரி ஈ பத்தியில:

=இஃப்(ஈஸ்நம்பர்(டி2),சி2*டி2,"")

இப்ப டோட்டல் கெடாது. ஆனா ஜாக்கிரதை, சம் எழுத்தையெல்லாம் விட்டுட்டு எண்ணை மட்டும் கூட்டும், அதனால டோட்டல் சத்தமில்லாம குறைச்சலா நிக்கும். உங்க சைபர் பண்ணின அதே தப்பு. அதுக்கு மேலே ஒரு மூலையில, ஜி1-னு வச்சுக்கோங்க, ரேட் இல்லாத வரி எத்தனைன்னு எண்ண:

=கவுண்ட்இஃப்(டி2:டி200,"ரேட் இல்லை")

டோட்டல் செல்லுல:

=இஃப்(ஜி1>0,"ரேட் பாக்கி",சம்(ஈ2:ஈ200))

ஒரு ஐட்டத்துக்கு ரேட் இல்லைன்னாலும் டோட்டலே வராது. வராத டோட்டலை ஆறரை மணிக்கு இல்ல, எத்தனை மணிக்கும் யாரும் அனுப்ப முடியாது.

உங்க ரெண்டாவது கேள்விதான் எனக்கு ருசியா இருக்கு. இருக்கிற சைஸ் கிடைக்கலன்னா வழக்கமா கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ்தான் காரணம். எங்கேயோ இருந்து காப்பி பண்ணி ஒட்டினா 160-ம் நம்பர் எழுத்துன்னு ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வரும், வெறும் ஸ்பேஸை நீக்குற ட்ரிம் போட்டாலும் போகாது. ஒரு வேலை பண்ணுங்க. லிஸ்ட்ல இருக்கிற சைஸுக்கும் கொட்டேஷன்ல அடிச்ச சைஸுக்கும் தனித்தனியா ஓரத்துல =லென்( ) போட்டு எத்தனை எழுத்துன்னு பாருங்க. ரெண்டும் வேற வேறயா வந்தா அதுதான் திருடன்.

---

பாரிமுனை பில்லிங்:

சார், ரொம்ப நன்றி. சாக்கடைப் பலகை சமாச்சாரத்தை ஓனர்கிட்டே படிச்சுக் காட்டினேன், சிரிச்சார்.

லென் போட்டேன். மூணு சைஸுக்குமே ரெண்டு பக்கமும் 5, 5-ன்னுதான் வருது. ஒண்ணாத்தான் இருக்கு. ஸ்பேஸ் இல்லைன்னு நினைக்கிறேன்.

சைஸ் எதுன்னு சொல்லவே இல்லையே, அரை இன்ச், அஞ்சே எட்டு, முக்கால். அதாவது 1/2, 5/8, 3/4. அடிச்சா எக்செல் அதை 01-பிப், 05-ஆகஸ்ட், 03-ஏப்ரல்னு மாத்திக்கும். முன்னாடி இருந்தவர் காலத்துலேர்ந்தே அப்படித்தான். லிஸ்ட்லயும் அப்படியேதான் இருக்கு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிங்கறதால ரேட் வந்துக்கிட்டு இருந்துச்சு. பிரிண்ட்ல அந்தப் பத்தியை மறைச்சுடுவோம், விவரத்துல "வாஷர் 3/4 இன்ச்"னு இருக்கும். எங்க குடோன் பசங்க முக்கால் இன்ச் வாஷரை "ஏப்ரல் மூணு"ன்னே கூப்பிடுவாங்க. "அண்ணே, ஏப்ரல் மூணு ரெண்டு பாக்கெட் தள்ளு"ன்னு சத்தம் கேக்கும்.

---

மடிப்பாக்கம் பழைய ஸ்டோர்ஸ்:

அம்மா, விழுந்து விழுந்து சிரிச்சேன். ஆனா விஷயம் அதுலயே இருக்கு.

03-ஏப்ரல்னு கண்ணுக்குத் தெரியறதை இங்கிலீஷ்ல எண்ணினா ஆறு எழுத்து. லென் 5 சொல்லுது. உள்ளே இருக்கிறது நீங்க பாக்கிறது இல்லைன்னு அர்த்தம். உள்ளே ஒரு அஞ்சு இலக்க எண் உக்காந்திருக்கு. அந்த ரெண்டு செல்லையும் தேர்ந்தெடுத்து, ஹோம்ல ஃபார்மட் இருக்கிற இடத்துல ஜெனரல்னு மாத்திட்டு என்ன வருதுன்னு சொல்லுங்க. முக்கால் இன்ச்சுக்கு மட்டும் போதும். சொல்லிட்டு மறுபடி கன்ட்ரோல் இசட் அடிச்சுடுங்க.

---

பாரிமுனை பில்லிங்:

லிஸ்ட்ல 45385.
கொட்டேஷன்ல 45750.

!!!

---

மடிப்பாக்கம் பழைய ஸ்டோர்ஸ்:

ரெண்டுக்கும் நடுவுல எத்தனைன்னு கழிச்சுப் பாருங்க. 365.

எக்செல் தேதியை 1900 ஜனவரி 1-லேர்ந்து எத்தனையாவது நாள்னு எண்ணித்தான் வச்சுக்கும். 45385 என்பது 2024 ஏப்ரல் 3. 45750 என்பது 2025 ஏப்ரல் 3. நீங்க வருஷம் இல்லாம 3/4 மட்டும் அடிச்சா, அடிக்கிற அன்னைக்கு என்ன வருஷமோ அதை அதுவே சேத்துக்கும். வெளியே நாளும் மாசமும் மட்டும் காட்டும். லிஸ்ட்டை போன வருஷம் அடிச்சிருக்கீங்க. டிசம்பர் வரைக்கும் நீங்க அடிச்ச முக்கால் இன்ச்சும் அதே வருஷத்து முக்கால் இன்ச். ஜனவரி பிறந்ததும் உங்க வாஷருக்கு ஒரு வயசு கூடிப் போச்சு. எக்செல் நேர்மையா "இந்த வருஷ வாஷர் லிஸ்ட்ல இல்லை"ன்னு #என்/ஏ குடுத்திருக்கு, உங்க இஃப்எரர் அது வாயைப் பொத்தி சைபர் எழுதிடுச்சு.

லிஸ்ட்லயும் கொட்டேஷன்லயும் சைஸ் பத்தியை முழுசாத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை டெக்ஸ்ட்னு மாத்துங்க. மாத்தினதும் பழைய தேதி எல்லாம் 45385-னு எண்ணா நிக்கும், பயப்படாதீங்க, அதை அழிச்சுட்டு 3/4-னு திரும்ப அடிக்கணும். முதல்ல டெக்ஸ்ட், அப்புறம் அடிக்கிறது, இந்த வரிசை முக்கியம். ஒண்ணு ரெண்டுன்னா முன்னாடி ஒரு ஒத்தை கோட் போட்டு அடிச்சாலும் போதும். நிறைய இருந்தா பக்கத்துப் பத்தியில =டே(ஏ2)&"/"&மன்த்(ஏ2) போட்டா 3/4 திரும்ப வரும், அதை காப்பி பண்ணி வேல்யூவா ஒட்டிக்கலாம். ஆனா 03-ஏப்ரல் மாதிரி நாளும் மாசமுமா மாறின செல்லுக்கு மட்டும்.

---

நைட்ஷிஃப்ட் ஓஎம்ஆர்:

சார் கலக்கிட்டீங்க. அக்கா, நான் ஓஎம்ஆர்ல, ரிப்போர்ட் போடற எம்ஐஎஸ் டீம்ல இருக்கேன், நாள் முழுக்க, இல்ல, ராத்திரி முழுக்க இதேதான் வேலை. ரெண்டு விஷயம் சேத்துக்கறேன்.

முதல்ல, யாராவது "வீலுக்கப்புக்குப் பதிலா எக்ஸ்லுக்கப் போடுங்க, அதுலயே கிடைக்கலன்னா என்ன எழுதணும்னு சொல்ல இடம் இருக்கு"ன்னு சொல்லுவாங்க. நல்ல ஃபார்முலாதான், நானும் அதைத்தான் போடுறேன். ஆனா அது 2021-லேர்ந்து வந்த வெர்ஷன்லயும் மைக்ரோசாஃப்ட் 365-லயும்தான் இருக்கு. உங்க 2016-ல அடிச்சா #நேம்? வரும். அதுல ஒரு விஷம் இருக்கு. எங்க டீம்ல ஒருத்தன் எக்ஸ்லுக்கப்புக்கு வெளியே பழக்க தோஷத்துல இஃப்எரரும் சுத்தி, "இல்லை"ன்னு எழுதச் சொல்லி ஒரு கிளையன்ட்டுக்கு அனுப்பினான். அவங்ககிட்டே பழைய வெர்ஷன். திறந்தப்ப பழைய விடைதான் தெரிஞ்சுது, நல்லாத்தான் இருந்துச்சு. கணக்கு மறுபடி ஓடினதும் மொத்த ஷீட்டும் "இல்லை இல்லை இல்லை". ஃபார்முலாவே அவங்க எக்செல்லுக்குத் தெரியலங்கற சேதி வெளியவே வரல. ரெண்டு நாள் டேட்டாவைத்தான் குறை சொல்லிக்கிட்டு இருந்தோம்.

ரெண்டாவது, இதுதான் எனக்கு பயம். அக்கா, போல்ட் சைஸ் எப்படி அடிக்கிறீங்க? 16*50-னு நட்சத்திரம் போட்டா, இல்ல எக்ஸ் எழுத்தா?

---

பாரிமுனை பில்லிங்:

நட்சத்திரம்தான் தம்பி. எல்லா போல்ட்டும். நம்பர் பேட்லயே இருக்கு, கை பழகிடுச்சு. ஏன், அதுக்கும் தேதி வருமா?

---

நைட்ஷிஃப்ட் ஓஎம்ஆர்:

தேதி வராது அக்கா. அதைவிட மோசம். எரரே வராது.

வீலுக்கப்ல கடைசியில 0 போட்டு எழுத்தைத் தேடினா, தேடுற எழுத்துல இருக்கிற * குறிக்கு "இங்கே என்ன வேணா இருக்கலாம்"னு அர்த்தம். 16*50 தேடினா, 16-ல ஆரம்பிச்சு 50-ல முடியற எது முதல்ல கண்ணுல படுதோ அதை எடுத்துக் குடுத்துடும். 16*50 ஆகவும் இருக்கலாம், 16*150 ஆகவும் இருக்கலாம், 16*250 ஆகவும் இருக்கலாம். லிஸ்ட்ல எது மேலே இருக்கோ அதுதான். உங்க லிஸ்ட்ல 50 மேலே இருக்கா 150 மேலே இருக்கா?

---

பாரிமுனை பில்லிங்:

தம்பி, கை நடுங்குது.

லிஸ்ட் முன்னாடி நீளத்து வரிசையில இருந்துச்சு. 40, 50, 60, அப்படியே 150 வரைக்கும். அதனாலதான் இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கோம். போன மாசம் புதுசா சேந்த பையன் ஒழுங்கா இருக்கட்டும்னு ஏ டு இசட் அடுக்கி வச்சான். நானும் பரவால்லையே, பொறுப்பா இருக்கானேன்னு நினைச்சேன். இப்ப பாத்தா 16*100, 16*120, 16*150, அதுக்குக் கீழதான் 16*50. எழுத்தா அடுக்கினா 1 முதல்ல, 5 அப்புறம்தானே.

16*50 அடிச்சுப் பாத்தேன். 16*150 ரேட் வருது. 8*25-க்கு 8*125 ரேட் வருது! 8*25 ரேட் எனக்கு மனப்பாடம், ஷீட்டைப் பாக்காமயே சொல்லிடுவேன், அதனால தெரியாம போச்சு. 16 எம்எம் அவ்வளவா போகாது. போன வாரம் கிண்டி பார்ட்டி ஒருத்தர் "உங்க கடையில ரேட் ஏறிப் போச்சு"ன்னு கோச்சுக்கிட்டு ஃபோனை வச்சார். அவருக்குக் குடுத்த கொட்டேஷனை இப்ப எடுத்துப் பாக்கிறேன், 16*50-தான்.

சைபர் போனதைக் கூட ஒரு நாள்ல கண்டுபிடிச்சோம். இதை ஒரு மாசமா யாரும் கண்டுக்கவே இல்லை.

---

நைட்ஷிஃப்ட் ஓஎம்ஆர்:

அதுக்குத்தான் கேட்டேன் அக்கா. இப்போதைக்கு ஃபார்முலாவுல ஏ2 இருக்கிற இடத்துல இதைப் போடுங்க:

சப்ஸ்டிட்யூட்(ஏ2,"*","~*")

நட்சத்திரத்துக்கு முன்னாடி அந்த அலைக்குறி இருந்தா எக்செல் அதை வெறும் நட்சத்திரமா எடுத்துக்கும். கீபோர்டுல எஸ்கேப் பட்டனுக்குக் கீழ, ஷிஃப்ட்டோட அடிக்கணும். கவுண்ட்இஃப், சம்இஃப் ரெண்டுலயும் இதே கதைதான், சைஸ் வாரியா ஸ்டாக் கூட்டுறீங்கன்னா அதையும் பாத்துக்கோங்க. எக்ஸ்லுக்கப் நாமளா கேட்டாலொழிய நட்சத்திரத்துக்கு அந்த அர்த்தம் குடுக்காது.

நிரந்தரமா வேணும்னா லிஸ்ட்லயே * எல்லாத்தையும் எக்ஸ் எழுத்தா மாத்திடுங்க, ஃபைண்ட் ரீப்ளேஸ்ல.

---

பாரிமுனை பில்லிங்:

தம்பி, கன்ட்ரோல் எச் அடிச்சு, மேலே * போட்டு, கீழ எக்ஸ் போட்டு, ரீப்ளேஸ் ஆல் குடுத்தேன்.

412 இடத்துல மாத்திட்டேன்னு சொல்லுச்சு. பாத்தா சைஸ் பத்தி முழுக்க வெறும் எக்ஸ். ஒவ்வொரு செல்லுலயும் ஒரே ஒரு எக்ஸ். சைஸைக் காணோம். பின்னாடி ஓனர் நிக்கிறார்.

கன்ட்ரோல் இசட்ல திரும்பி வந்துடுச்சு. ஆனா என் உசுரு இன்னும் வரல.

---

நைட்ஷிஃப்ட் ஓஎம்ஆர்:

ஐயோ அக்கா, மன்னிச்சுக்கோங்க, என் தப்பு. அங்கேயும் நட்சத்திரத்துக்கு அதே அர்த்தம்தான், செல்லுல இருக்கிற எல்லாத்தையும் பிடிச்சுக்கும். தேடுற இடத்துல ~* போடுங்க. முதல்ல ஃபைலை வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டுப் பண்ணுங்க. இதை நேத்தே சொல்லியிருக்கணும்.

---

ஷெட் நம்பர் நாலு:

திருமுடிவாக்கத்துல சின்னதா லேத் பட்டறை வச்சிருக்கேன். இந்த இழையைப் படிச்சுட்டு என் ஃபைலைத் திறந்து பாத்தேன், பதினேழு இஃப்எரர் இருந்துச்சு. படிக்கிறவங்களுக்கு என் அனுபவம் ஒண்ணு.

அந்த 4 இருக்கு பாருங்க, நாலாவது பத்தின்னு, அது வெறும் எண். ரேட் ஷீட்ல நடுவுல ஒரு பத்தி புதுசா நுழைச்சா ரேட் அஞ்சாவதுக்குத் தள்ளிப் போயிடும், 4 மட்டும் 4-ஆவே நிக்கும். என் வீட்டுக்காரம்மா ஜிஎஸ்டிக்கு வேண்டிய எச்எஸ்என் கோடு போடறதுக்காக ரெண்டாவதா ஒரு பத்தி சேத்தாங்க. அதுவரைக்கும் மூணாவதுல இருந்தது வாங்கின விலை, அது நாலாவதுக்கு வந்துடுச்சு. ஒரு வாரம் என் அடக்க விலையை நானே கஸ்டமருக்கு எழுதி அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஆர்டர் குவிஞ்சுது. நானும் சந்தோஷமா இருந்தேன்.

இப்ப 4-க்குப் பதிலா மேட்ச்("விற்பனை ரேட்",போல்ட்!1:1,0) போட்டிருக்கேன். முதல் வரியில அந்தத் தலைப்பு எங்கே இருக்கோ அந்தப் பத்தியை அதுவே கண்டுபிடிச்சுக்கும். ரேட் பத்தியையே இன்னும் வலது பக்கம் தள்ளி வைக்கிற பழக்கம் இருந்தா ஏ:டி-யை ஏ:இசட்னு அகலமா வச்சுக்கிட்டா நல்லது.

---

மடிப்பாக்கம் பழைய ஸ்டோர்ஸ்:

ஷெட் நம்பர் நாலு சொன்னதோட ஒண்ணு சேத்துக்கோங்க. லிஸ்ட்ல சைஸ் இருக்கும், ரேட் செல் காலியா இருக்கும், "மில்லுலேர்ந்து வரட்டும், அப்புறம் போடலாம்"னு விட்டிருப்போம். வீலுக்கப் அதுக்கு எரர் குடுக்காது, சைபர் குடுக்கும். இஃப்என்ஏ-வும் பிடிக்காது, ஏன்னா தேடினது கிடைச்சுடுச்சே. அதனால ஜி1-ல இப்படி எழுதிக்கோங்க:

=கவுண்ட்இஃப்(டி2:டி200,"ரேட் இல்லை")+கவுண்ட்இஃப்(டி2:டி200,0)

காலியா விட்ட வரியெல்லாம் இதுல சேராது, சைபர்னு எண்ணா இருக்கிறதை மட்டும்தான் எண்ணும். இனாமாவே குடுக்கிற ஐட்டம் ஏதாவது இருந்தா அதைக் கையால எழுதுங்க. நட்டு போல்ட் கடையில அப்படி எதுவும் இருக்காதுன்னு நம்புறேன்.

---

பாரிமுனை பில்லிங்:

எல்லாருக்கும் பதில் சொல்ல நாலு நாள் ஆயிடுச்சு, மாசக் கடைசி ஜிஎஸ்டி வேலை.

இப்ப நிலவரம். சைஸ் பத்தி மூணு ஷீட்லயும் டெக்ஸ்ட். இன்ச் சைஸ் எல்லாம் திரும்ப அடிச்சாச்சு, மொத்தம் பன்னெண்டுதான். காப்பி எடுத்து வச்சுக்கிட்டு ~* போட்டு போல்ட் எல்லாம் 16எக்ஸ்50 ஆயிடுச்சு. கை மட்டும் இன்னும் நட்சத்திரத்துக்கே போகுது, அதனால தம்பி சொன்ன சப்ஸ்டிட்யூட்டைக் கொஞ்சம் மாத்தி, நான் * அடிச்சாலும் அதை எக்ஸ் ஆக்கித் தேடற மாதிரி வச்சிருக்கேன். மேட்ச் இன்னும் போடல. ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தினா எது கெட்டாலும் எதனாலன்னு எனக்கே தெரியாது. அடுத்த வாரம்.

ரேட் இல்லாத வரி சிவப்பாத் தெரியற மாதிரி கண்டிஷனல் ஃபார்மட்டிங்கும் போட்டேன். ஓனருக்கு அது பிடிக்கல, "பார்ட்டிக்கு சிவப்பாவா அனுப்புவே"ன்னார். சிவப்பு இருக்கிற வரைக்கும் டோட்டலே வராது சார், அனுப்பவே முடியாதுன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ஜனவரிக்கு அப்புறம் போன எல்லாக் கொட்டேஷனையும் எடுத்துத் திரும்பப் பாருன்னுட்டார். 31 கொட்டேஷன். சைபர் போனது இன்னும் ரெண்டு கிடைச்சுது, நல்ல வேளை ரெண்டும் ஆர்டர் ஆகல. நட்சத்திரத்தால ரேட் கூடிப் போனது ஆறு. கிண்டி பார்ட்டிக்கு ஓனரே ஃபோன் பண்ணினார். என்ன பேசினாங்கன்னு தெரியல, ஆனா மத்தியானம் 16 எம்எம் போல்ட் முன்னூறு பீஸ் ஆட்டோவுல கிண்டிக்குப் போச்சு.

இன்னைக்குக் காலையில முதல் கொட்டேஷன், 54 வரி. டோட்டல் இடத்துல "ரேட் பாக்கி"ன்னு நின்னுது, ஜி1-ல 2. பழைய பயத்துல ஃபார்முலாதான் கெட்டுப் போச்சோன்னு பாத்தேன். இல்ல, ரெண்டும் நிஜமாவே நம்ம லிஸ்ட்ல இல்லாத சைஸ். குடோனுக்கு ஃபோன் போட்டு ரேட் கேட்டு வாங்கி லிஸ்ட்ல ஏத்தினேன், 2 போய் 0 ஆச்சு, டோட்டல் வந்துச்சு.

ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி குடோன் பையன் கேட்டான், "அக்கா, ஏப்ரல் மூணு ஸ்டாக் தீரப் போகுது, எழுதிக்கிறீங்களா?" எழுதிக்கிட்டேன்.